சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பேரன் ‘காசு’ கேட்டால் ‘காதுக்கு என்னடா?’ என்கிறார். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தினால்கூடக் கேட்கிறது! “என் காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் முழுங்கி முழுங்கிப் பேசுறீங்க” என்று எங்களைத் திட்டுகிறார். கத்திப் பேசியும் பலனில்லை. என்ன செய்வது? – சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: அப்பா சாக்குச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்கிறது.

பேச்சில் உயிரொலிகள்தான் உரத்தவை. அவற்றின் வலுவில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது (ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண் அளவு; எண் கூடக் கூட ஒலி கீச்சென்று கேட்கும்). கதவு சாத்தும் சத்தமும் அந்தப் பக்கம்தான். ‘காசு’வில் வரும் ஸகர ஒலியோ மெல்லிய காற்றொலி, பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கும். முதுமையில், உட்செவியின் நத்தைச்சுருளில் உச்ச அதிர்வெண்களைப் பிடிக்கும் மயிரணுக்களே முதலில் தேய்கின்றன. ஆகவே கா-வும் உ-வும் வந்து சேர்கின்றன. நடுவிலுள்ள மெய்யை மூளை ஊகித்து நிரப்புகிறது. அதுதான் காசு காதாகும் கதை. த-ட, ல-ழ-ள வேறுபாடுகளைக் காட்டும் தடயங்களிலும் ஒரு பங்கு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். பேரன் பேச்சு கூடுதலாகச் சிரமப்படுத்தும். சிறுவர் குரல்வழி குட்டையானது, அதனால் அவர்களின் ஸகரம் இன்னும் மேலே ஏறிவிடும்.

கத்தினால் ஏன் பலனில்லை? உயிரொலிதான் பெருகும், மெய்யொலி அந்த அளவுக்குப் பெருகாது. கேட்பவருக்கு எரிச்சல் மட்டும் மிச்சம். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். உணவங்காடிக்குப் போனால் மின்விசிறிக்கும் சமையல் சத்தத்துக்கும் தள்ளி, சுவரோரமாக அவரை உட்கார வையுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அவருக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். செவித்திறன் நிபுணர் டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிகள் இவை. கடைசி இரண்டும் மட்டும் தவறினால், உச்ச அதிர்வெண்கள்தான் கேட்கவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் இது நோய்நிர்ணயம் ஆகாது.

முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். வெறும் குறும்பி (காது அழுக்கு) அடைப்பாகவும் இருக்கலாம். பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையாதீர்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினால் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் திறனைச் சோதித்து வரைபடம் தருவார்கள். அந்தச் சோதனைக்கு மொழி தேவையில்லை. சொற்களைத் திரும்பச் சொல்லும் சோதனை வேறு. அப்பா தமிழிலேயே புழங்குபவராக இருந்து ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்தால், மதிப்பெண் குறைவது காதாலா மொழியாலா என்று பிரிப்பது கடினம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

செவிக்கருவி தேவைப்பட்டால் 60 வயது கடந்தவர்களுக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து, அரசாங்க மானியம் உண்டு, மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். கருவியின் வேலை எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருக்குவதல்ல, வரைபடத்தில் கேட்கும் திறன் விழுந்த இடத்தை மட்டும் தூக்குவது. எனவே கடையில் விற்கும் மலிவுப் பெருக்கியை வாங்கி மாட்டிவிடாதீர்கள். சரியான கருவிக்கும் பழக சில வாரங்கள் ஆகும். முதல் நாள் தட்டுச் சத்தமே அவரை மிரட்டும்.

ஒரு காது மட்டும் திடீரென, ஓரிரு நாளில் மந்தமானால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதற்கான சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும்.