பதில்: ஞாயிறு பாடசாலை வட்ஸ்அப் குழுவில் இருந்து மகளுக்குத் தனியாக மெசேஜ் வருது

அண்ணா, ஞாயிறு பாடசாலை குழுவில் உள்ள ஒருவர் உங்கள் மகளுக்குத் தனியாக எழுதி, பாடகர் குழு உடுப்பில் படம் கேட்டதாகச் சொல்கிறீர்கள். முதலில் அந்த நம்பரை பிளாக் பண்ண வேண்டாம். பிளாக் பண்ணும்போது அந்த மெசேஜ்களையும் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும். அந்தப் படம் கேட்ட மெசேஜ், திகதி, அந்த ஆளின் புரொபைலில் தெரியும் முழு நம்பர், மூன்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். பிறகு பிளாக் பண்ணலாம். மகளின் பெயரில் நீங்கள் பதில் போட்டுப் பார்க்க வேண்டாம், ஆள் உஷாராகிவிடுவார்.

அடுத்தது 1929க்கு அழையுங்கள், அது இலங்கையின் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி இலக்கம். தமிழிலேயே பேசலாம். ஹட்டன் பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவிலும் முறைப்பாடு கொடுங்கள். "சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று போதகர் சொன்னாலும் இதை நிறுத்தாதீர்கள். அந்த ஆள் வேறு பிள்ளைகளுக்கும் எழுதியிருக்கலாம்.

குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினால் போதாது. உறுப்பினர் பட்டியலில் எல்லா நம்பரும் அப்படியே தெரியும், சிக்கலே அங்கேதான். அதற்குப் பதிலாக வட்ஸ்அப் கம்யூனிட்டி (பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வசதி) தொடங்குங்கள், அதன் அறிவிப்புக் குழுவில் மற்றவர்களின் நம்பர் மறைந்திருக்கும். அதிலும் பிள்ளைகளின் நம்பர் வேண்டாம், பெற்றோருடையது போதும்.

டுபாயில் இருக்கும் அம்மா மகளோடு பேசுவது இந்தப் போனில்தான் என்கிறீர்கள், அதைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த முறை மகள் வாய் திறக்கமாட்டாள். அதில் வட்ஸ்அப் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் போய், யார் அவளைக் குழுவில் சேர்க்கலாம் என்பதற்கு "மை கொன்டாக்ட்ஸ்" (போனில் சேமித்த நம்பர்கள் மட்டும்) போடுங்கள். புரொபைல் படத்துக்கும் அதையே.