ஸ்டீயரிங் ஆட்டத்தை எங்கே தேடுவது?

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பராமரிப்பு

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 1970களின் கடைசியில் வாங்கிய மகேந்திரா சிஜே 3பி நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்று இருக்கிறது. பின்னாளில் அதற்கு டீசல் எஞ்சின் மாற்றினோம். முன் குறுக்குச் சட்டத்தில் பெல் கிராங்க் (அசைவைத் திசை மாற்றிக் கடத்தும் நெம்புகோல்) உள்ள பழைய அமைப்புதான் இன்றும் இருக்கிறது. நேரான சாலையிலேயே ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஐந்தாறு விரற்கடை ஆட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸின் (ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள கியர் பெட்டி) ஸ்க்ரூவை இரண்டு முறை இறுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் சற்றுக் குறைந்தது; ஆனால் வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. புது பாக்ஸ் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், வால்பாறை

பதில்: பாக்ஸை இப்போது மாற்ற வேண்டாம், அந்த ஸ்க்ரூவை இன்னும் இறுக்கவும் வேண்டாம். ஆழியாறிலிருந்து உங்கள் ஊருக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில், திரும்பிய பின் நேருக்கு வராத ஸ்டீயரிங், ஆட்டமுள்ள ஸ்டீயரிங்கை விட ஆபத்தானது. ஆகவே முதல் வேலையாக அந்த ஸ்க்ரூவைச் சிறிது தளர்த்தி, ஸ்டீயரிங் தடையின்றித் திரும்பும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஆட்டம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

ஸ்டீயரிங் வீலுக்கும் சாலையைத் தொடும் டயருக்கும் இடையில் உங்கள் ஜீப்பில் பல இணைப்புகள் உள்ளன. பாக்ஸிலிருந்து வரும் கை போன்ற டிராப் ஆர்ம், அதிலிருந்து முன்னே செல்லும் தண்டாகிய டிராக் லிங்க், நடுவில் பெல் கிராங்க், அதிலிருந்து இரு சக்கரங்களுக்கும் பிரியும் டை ராடுகள், அவற்றின் முனைகள், பிறகு சக்கரம் இடவலமாகத் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னின் பேரிங்குகள், கடைசியாக வீல் பேரிங்குகள். ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்மானம் இருந்தாலே போதும், மேலே அது பெரிதாகத் தெரியும். பாக்ஸின் விகிதம் சுமார் 14க்கு 1 (ஸ்டீயரிங் 14 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி திரும்பும்), டிராப் ஆர்மின் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்மின் முனையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால், 17 அங்குல ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் அது ஏறத்தாழ 2 செ.மீ. ஆட்டமாகிவிடும். உங்கள் ஐந்தாறு விரற்கடைக்கு ஒரே காரணம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை இந்தக் கணக்கே காட்டும். பட்டறைகளில் பலரும் பாக்ஸின் ஸ்க்ரூவைத் தொடுவதற்குக் காரணம், அது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதுதான். தேய்மானம் பெரும்பாலும் சேறும் தண்ணீரும் படுகின்ற கீழ் இணைப்புகளில்தான் தொடங்குகிறது.

தேடும் முறை எளியது, செலவில்லாதது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். முன் சக்கரங்கள் தரையிலேயே இருக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் டயரின் எதிர்ப்பு இல்லாமல் போய், தளர்வு தெரியாது. உதவிக்கு ஒருவரை உட்கார வைத்து, ஸ்டீயரிங் வீலை ஆட்டத்தின் எல்லைக்குள் மட்டும் மெதுவாக இடமும் வலமுமாக அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒவ்வோர் இணைப்பாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் தளர்வு இருக்கிறது. கண்ணை விட உள்ளங்கைக்கு இது நன்றாகத் தெரியும்.

மேலிருந்து தொடங்குங்கள். பாக்ஸ் சேஸிஸில் பொருந்தும் இடத்தை முதலில் பாருங்கள். ஸ்டீயரிங்கை அசைக்கும்போது பாக்ஸே சட்டத்தின் மீது நகர்கிறதா? போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், அல்லது பல ஆண்டுகளின் அதிர்வில் சட்டத்தில் விரிசல் விழுந்திருக்கலாம். உங்களுடையதைப் போல டீசல் எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிய பிறகே விரிசல் புலப்படும். விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பிறகு வெல்டிங் செய்து, மேலே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். வெறும் வெல்டிங் மட்டும் வைத்தால் பக்கத்திலேயே மறுபடியும் பிளக்கும்.

அடுத்தது டிராக் லிங்க். அதன் இரு முனைகளிலும் பந்தும், அதைக் கவ்வும் கிண்ணங்களும், ஒரு ஸ்பிரிங்கும், எல்லாவற்றையும் இறுக்கும் திருகு மூடியும் இருக்கும். காட்டர் பின்னை (முனைகளை விரித்து மடக்கும் பூட்டுப் பின்) கழற்றி, மூடியைப் பந்தின் மீது இறுகும்வரை திருகி, பிறகு அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தி, புதிய காட்டர் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடியும் போடுவது வேண்டாம். பந்து ஒருபக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால், நேர் நிலையில் சரியாக இருப்பது திருப்பும்போது இறுகிப் பிடிக்கும். அப்போது சரிசெய்து பயனில்லை, பந்தையும் கிண்ணங்களையும் மாற்றுவதே வழி.

உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகிப்பது பெல் கிராங்கைத்தான். எல்லா அசைவும் அது சுழலும் அந்த ஒற்றை ஊசியின் (அச்சுப் பின்) வழியாகவே இரு சக்கரங்களுக்கும் போகிறது. அதன் கிரீஸ் நிப்பிள் சேற்றில் அடைபட்டு, கிரீஸ் உள்ளே இறங்காமலேயே ஆண்டுகள் கழிந்திருக்கும். பெல் கிராங்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அது சாய்ந்து ஆடினால் ஊசியும் பேரிங்கும் தேய்ந்துவிட்டன. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பள்ளம் விழுந்த ஊசியில் புதிய பேரிங் நீடிக்காது. அதைத் தாங்கும் பிராக்கெட்டும் குறுக்குச் சட்டமும் உறுதியாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டை ராட் முனைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் உறை கிழிந்து, பந்து மேலும் கீழும் குதிக்குமானால் மாற்றிவிடுங்கள். மாற்றிய பின் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்புறம் பின்புறத்தை விட நெருங்கியிருக்கும் அளவு) சரிபார்ப்பது கட்டாயம். இந்த வகை ஜீப்புக்கு அது சுமார் 1.2 முதல் 2.4 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகே சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மீது இறக்கி நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில்; நிற்காவிட்டால் கிங் பின்னில். இந்தச் சோதனையைச் செய்யாமல் வீல் பேரிங்கை மட்டும் இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இறுகிய பேரிங் மலை இறக்கத்தில் சூடேறிக் கெடுகிறது.

இவை அனைத்தும் சரியான பிறகும் ஆட்டம் மிஞ்சினால், அப்போது பாக்ஸுக்கு வாருங்கள். இந்த ஜீப்புகளில் உள்ளது ராஸ் வகை பாக்ஸ்: திருகு வடிவ கேம் ஒன்றில் நெம்புகோலின் இரு பின்கள் ஓடும். முதலில் டிராக் லிங்க்கைக் கழற்றிவிடுங்கள். கேமின் பேரிங்கில் மேல் கீழ் ஆட்டம் இருந்தால், மேல் மூடியின் அடியிலுள்ள ஷிம்களில் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடுகள்) மெல்லியதாக ஒன்றை எடுத்து அதைப் போக்குங்கள். பிறகுதான் பக்க மூடியின் ஸ்க்ரூ. அதைத் தொடும்போது ஸ்டீயரிங் அதன் முழு ஓட்டத்தின் நடுவில், சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் இருக்க வேண்டும். கேம் நடுவில் நெருக்கமாகவும் இரு ஓரங்களிலும் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படியே கடையப்பட்டது. ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் ஸ்டீயரிங் நேருக்கு வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நடுவைக் கடக்கும்போது விரலுக்கு இலேசான தடை தெரியும் அளவில் நிறுத்தி லாக் நட்டை இறுக்குங்கள். நடுவில் சரிசெய்ததும் ஓரங்களில் பிடித்தால், கேமின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது என்று பொருள். கேமையோ பாக்ஸையோ மாற்றுவது பற்றி அப்போது யோசியுங்கள்.

ஒழுகுகிறது என்பதற்காக பாக்ஸில் கெட்டி கிரீஸை அடைப்பது பரவலாக நடக்கிறது. கிரீஸ் ஒருமுறை விலகினால் விலகிய இடத்திலேயே நின்றுவிடும். பின்களுக்குத் திரும்பி வராது. ஆயில் சீலை மாற்றி, 90 கியர் ஆயிலையே ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய ஜீப்பில் டை ராட் முனைகள் எல்லாம் புதிது. ஆனாலும் 50 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் முன் சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. பிரேக் பிடித்து வேகம் குறைந்தால்தான் நிற்கிறது. ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: டேம்பர் அந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும், காரணம் உள்ளேயே வளரும். ஆகவே கடைசியில் வேண்டுமானால் போடுங்கள், முதலில் வேண்டாம்.

இத்தகைய அதிர்வுக்கு நான் முதலில் பார்ப்பது கிங் பின் பேரிங்குகளை. இவை டேப்பர் ரோலர்கள். சற்று அழுத்தத்துடன் பொருத்தப்பட வேண்டியவை. அந்த அழுத்தம் குறைந்ததும் சக்கரம் தன் விருப்பப்படி அசையத் தொடங்குகிறது. டை ராடைக் கழற்றி, நக்கிளின் (கிங் பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பகுதி) ஆர்மில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தால், திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பது தெரியும். அதை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். விசை குறைவாக இருந்தால் ஷிம் எடுத்து இறுக்கலாம். மேலும் கீழும் சம அளவில் எடுக்க வேண்டும்; ஒரே பக்கம் எடுத்தால் நக்கிள் நடுவிலிருந்து விலகி, உள்ளிருக்கும் அச்சு இணைப்பும் ஆயில் சீலும் பாதிக்கப்படும். திருப்பும்போது நேர் நிலையில் மட்டும் ஒரு கவ்வல் தெரிந்தால், ரோலர்கள் தங்கள் பாதையில் பள்ளம் போட்டுவிட்டன. அதற்கு ஷிம் மருந்தல்ல, பேரிங்குகளை மாற்றுங்கள்.

அடுத்து, கிங் பின்னின் பின்சாய்வாகிய கேஸ்டர். இந்த ஜீப்புகளுக்கு அது 3 டிகிரி. ஏற்றம் வேண்டும் என்று முன் பட்டைகளில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதல் இலை சேர்ப்பதும், பட்டையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போடுவதும் இந்தக் கோணத்தை மாற்றிவிடுகின்றன. கேஸ்டர் குறைந்தால் வண்டி சாலையில் அலையும். ஸ்டீயரிங்கும் தானாக நேருக்கு வராது. பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம். ஷேக்கிள் புஷ்கள் தேய்ந்திருந்தால் அச்சே பக்கவாட்டில் நகரும். அப்போது எந்த இணைப்பும் தளராமலேயே ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருப்பது போலத் தோன்றும். யு போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். 6.00-16 டயருக்கென்று செய்த வண்டியில் அகலமான டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்டிருந்தால், கிங் பின் மீதான சுமை வெகுவாகக் கூடியிருக்கும். அந்தச் செலவை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) பார்க்கும்போது ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு அளவு ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98ஆம் விதிப்படி, ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. 17 அங்குல வீலின் விளிம்பில் அது சுமார் 11 செ.மீ. பந்து இணைப்புகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 30 டிகிரி என்பது சட்டத்தின் கடைசி எல்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அதில் பாதி வந்ததுமே இணைப்புகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: பாறையில் இடித்து டிராக் லிங்க் வளைந்துவிட்டது. சூடேற்றி நிமிர்த்தித் தருவதாக மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா?
– ஒரு வாசகர், கொல்லிமலை

பதில்: வேண்டாம். சூடேற்றினால் அந்த இடத்தில் இரும்பு தன் வலுவை இழந்து, அடுத்த அடியில் அங்கேயே வளையும் அல்லது முறியும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள உங்கள் மலையில் டிராக் லிங்க் முறிந்தால் வண்டியைத் திருப்ப வேறு வழியே இல்லை. புதியதை வாங்கிப் போடுங்கள். இடித்த வேகம் டிராப் ஆர்மிலும் பெல் கிராங்கிலும் விரிசல் விட்டிருக்கிறதா என்று கழுவிப் பாருங்கள். வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, தொட்ட எல்லா நட்டுகளையும் ஒருமுறை சாவி போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.