வெள்ளக்கோட்டுக்கு அந்தப் பக்கம்
வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (பீனிக்ஸ்): தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓடையோரம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். '100 ஆண்டுக்கு ஒருமுறை' வரும் வெள்ளம் எட்டும் எல்லையைக் காட்டும் வெள்ளக்கோட்டுக்கு வெளியேதான் மனை இருக்கிறது, பயமே வேண்டாம் என்கிறார் தரகர். 1987-லும் பெருவெள்ளம், 2022-லும் பெருவெள்ளம். அந்தக் கோட்டை நம்பலாமா?

பதில்: 100 ஆண்டுக்கு ஒருமுறை என்பது தவணை முறை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். 20 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் கோடு வரை தண்ணீர் ஒருமுறையாவது வர ஏறத்தாழ 18 சதவீத வாய்ப்பு.

கோடு எப்படி வருகிறது என்று தெரிந்தால் எங்கே சறுக்கும் என்பதும் தெரியும். மழைமானிப் பதிவுகளை வைத்து, நூற்றாண்டில் ஒருமுறை பெய்யக்கூடிய மழையை மதிப்பிடுகிறார்கள். பதிவு ஐம்பது ஆண்டுக்கே இருந்தால் மீதி அனுமானம். அந்த மழையில் எவ்வளவு மண்ணில் இறங்கும், எவ்வளவு ஓடும் என்று கணக்கிடுகிறார்கள். ஆய்வுக்குப் பிறகு மேட்டுப் பக்கம் கூரையும் தார்ச்சாலையும் பெருகியிருந்தால் அந்தக் கணக்கு பழசு. ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, கணினி மாதிரியில் ஓடவிட்டு, நீர்மட்டம் தரையைத் தொடும் இடத்தில் கோடு போடுகிறார்கள். இங்கேதான் பெரிய ஓட்டை: பல மாதிரிகளில் கல்வர்ட்டுகள் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலங்கள், குழாய்கள்) சுத்தமாகத் திறந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நிஜத்தில் மரக்கிளையும் நாணலும் பிளாஸ்டிக்கும் வாயை அடைத்ததும் தண்ணீர் சாலை மேல் ஏறி, கோட்டுக்கு வெளியே இருக்கும் வீட்டுக்குள் நுழையும். 2022 ஏப்ரல் 11, 12-ல் சில மழைமானிகள் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் பதிந்ததையும் மறக்க வேண்டாம்.

சட்டத்தையும் சரியாகப் படியுங்கள். 1998-ஆம் ஆண்டுத் தேசிய நீர்ச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, புதிய குடியிருப்பு வரைபடத்தில் இந்தக் கோட்டைக் காட்டியாக வேண்டும் என்கிறது. கோட்டுக்குள் கட்டக்கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அது மாநகராட்சியின் கையில். சட்டத்துக்கு முன்பே மனை பிரித்த பழைய பகுதிகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

தரகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆய்வு எந்த ஆண்டு? பக்கத்துச் சிற்றோடையும் அதில் சேர்ந்ததா? (கோடே இல்லாத ஓடை பெரும்பாலும் யாரும் அளக்காத ஓடை.) மனை அருகே வெள்ளமட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்? பிறகு ஒரு சர்வேயரை வைத்து வீட்டுத் தரைமட்டத்தை அளந்து பாருங்கள். வெள்ளமட்டத்தைவிட அரை மீட்டராவது உயரம் இல்லையென்றால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி (ஐசிப்பிங்கோ): எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான் தண்ணீர் வரும். வரைபடத்தில் சிவப்பு அடித்துவிட்டார்கள். மிகைதானே?

பதில்: இல்லை. ஆழத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஆழத்தை வேகத்தால் பெருக்குங்கள். அரை மீட்டர் ஆழம், நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் 1.0. பெரியவர் நிலையாக நிற்க அதிகபட்சம் 0.6, குழந்தைக்கு 0.4 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. சின்ன கார் அசையாத தண்ணீரிலேயே 30 செ.மீ. ஆழத்தில் மிதக்கத் தொடங்கும்.

உங்கள் பகுதிக்குக் கடலும் ஒரு காரணம். முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தால் மழைநீர் போக வழியின்றிப் பின்னால் தேங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர் ஓத நேரத்தில் மழை கொட்டினால் இன்னும் மோசம். 2007 மார்ச்சில் 8 மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் இந்தக் கரையைத் தின்றது அமாவாசை ஓதத்தோடு சேர்ந்துதான். ஆற்று வெள்ளத்தை மட்டும் கணக்கிட்டு, கடலைச் சராசரி மட்டத்தில் வைத்து வரைந்த படம் உங்களுக்குப் போதாது.

பின்புறம் விப்ராகிரீட் (வார்த்த கான்கிரீட் பலகை) மதில் இருந்தால் அடியில் திறப்பு விடுங்கள். தண்ணீரை அணைபோல் தேக்கி, ஒரே அடியாகச் சரிந்து விழும் மதில்தான் ஆளைக் கொல்லும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): நாங்கள் மேட்டில் இருக்கிறோம். வெள்ள வரைபடம் எங்களுக்கு எதற்கு?

பதில்: உங்களுக்கு வேண்டியது சரிவு வரைபடம். 2022-ல் மண் சரிந்து இறந்தவர்களும் பலர். தாங்குசுவரின் வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். கூரைத் தண்ணீரைக் கரைமேல் விடாமல் குழாய் வழியாகச் சாலை வடிகாலுக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (வெருலம், வார்டு குழு உறுப்பினர்): பணம் கொஞ்சம்தான். மாநகராட்சி முதலில் எங்கே செலவிட வேண்டும் என்று கேட்பது?

பதில்: சொத்து மதிப்பை வைத்து வரிசைப்படுத்தினால் கடற்கரை ஓட்டல்களும் கிடங்குகளும்தான் முன்னே வந்து நிற்கும். அந்த வரிசையை ஏற்காதீர்கள். ஆபத்தான ஆழமும் வேகமும் உள்ள பகுதியில் இரவில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். பகலில் எண்ணினால் கணக்கு தப்பும்.

அவர்களுக்கு மலிவான முதல் உதவி எச்சரிக்கை. பால்மியட் ஓடையோரக் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதியில் மாநகராட்சியும் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் குடியிருப்பாளரும் சேர்ந்து வாட்ஸ்அப் எச்சரிக்கைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். 2022-ல் தகவல் நேரத்துக்குப் போனதால் பலர் உயிர் தப்பினர், வீடுகள்தான் போயின. இடமாற்றம் நீண்ட காலத் தீர்வு, ஆனால் காலியான நிலத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1976 மார்ச்சில் உம்கேனி ஆறு பெருகியதும் டின் டவுன் தகரக் குடிசைகளில் இருந்த நம்மவர்களைப் பீனிக்ஸுக்கு அனுப்பினார்கள். டின் டவுன் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் இன்று கடைகளும் கிடங்குகளும்.

அடுத்தது, ஒன்று பழுதானால் ஆயிரக்கணக்கானோர் தவிக்கும் இடங்கள்: நீர்ச் சுத்திகரிப்பு நிலையம், துணை மின்நிலையம், கிளினிக். 2022-ல் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, வெள்ளம் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை.

மூன்றாவது கல்வர்ட் துப்புரவு. திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் யாருக்கும் பிடிப்பதில்லை. மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். வார்டிலுள்ள ஒவ்வொரு கல்வர்ட்டையும் படமெடுத்து, எத்தனையில் எவ்வளவு அடைப்பு என்ற பட்டியலுடன் ஜூலைக் கூட்டத்துக்குப் போங்கள். கான்கிரீட் கரைச்சுவர் கேட்பதைக் கடைசியில் வையுங்கள். உங்கள் கரையில் கட்டினால் எதிர்க்கரைக்கும் கீழ்ப்பகுதிக்கும் தண்ணீர் கூடும்.