ஞாயிற்றுக்கிழமை ரெய்க்கி வட்டம்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பதினான்கு வருடமாக ஞாயிறு மாலையில் ரெய்க்கி வட்டம் நடத்துகிறேன். ரெய்க்கி என்பது உடலில் கை வைத்து அமைதி தரும் ஒரு ஜப்பானிய முறை. எங்களுடையது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

லயத்தை, அதான் தோட்டத்து வரிசை வீடுகளை, உடைத்த பிறகு டவுன் ஃபிளாட்டுக்கு வந்தோம். மூன்று வருடமாகியும் பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது. ரெய்க்கி கற்றால் இந்தத் தனிமை போகுமா அக்கா?

கற்றுக்கொண்டு வீட்டில் தனியாகச் செய்தால் போகாதும்மா. வந்து எங்களோடு உட்காருங்கள். லயத்தில் காலையில் அடுப்புப் புகையைக் காணோமென்றால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்ப்பார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆள் குறைந்தால் பத்துப் பேர் விசாரிப்பார்கள். ஃபிளாட்டில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருக்கிறோமா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியாது.

நான் முதன்முதலில் ஒரு வட்டத்துக்குப் போனது தோள்வலிக்காக. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு பாட்டி என் தோளில் கை வைத்தார். கத்தி பிடித்துப் பிடித்து அவர் பெருவிரலின் அடியில் காய்ப்பு விழுந்திருந்தது. கையில் கோடாலித் தைல வாசம். இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கையை எடுத்ததும், "சாப்பிட்டியா?" என்றார். அம்மாவுக்குப் பிறகு என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உடைந்து அழுதுவிட்டேன். தோள்வலி அன்று குறைந்ததா என்று நினைவில்லை, ஆனால் அடுத்த வாரமும் போனேன். பிறகு ஒருமுறை காய்ச்சலால் போகாதபோது மூன்று பேர் ஃபோன் செய்தார்கள். மறுபடியும் பெரட்டில் என் பேர் ஏறிவிட்டது போலிருந்தது.

இது ஜப்பான்காரர்களுடையதாமே? மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். சாமி குத்தம் ஆகாதா?

ஆகாது. கோயிலையோ தேவாலயத்தையோ விடச் சொல்லி இதில் எதுவும் இல்லை. உசுய் மிக்காவோ 1922இல் கியோத்தோ பக்கத்துக் குராமா மலையில் நோன்பிருந்து இதைக் கண்டடைந்தார் என்று சொல்வார்கள். "இன்று மட்டும் கோபப்படாதே, இன்று மட்டும் கவலைப்படாதே" என்பது அவர் தந்த நெறிகளில் வரும். கடல் கடந்து இதைக் கொண்டுபோனவர் ஹவாயோ தக்காத்தா என்ற பெண்மணி. 1900இல் ஹவாயில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தவர். 1930களில் நோயோடு ஜப்பானுக்குப் போய், ரெய்க்கி சிகிச்சை எடுத்து, அங்கேயே கற்றுக்கொண்டு திரும்பினார். இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் வட்டத்துப் பாட்டி ஒருவர், "அப்ப அதுவும் நம்ம தோட்டத்துப் புள்ளதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அம்மாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). ரெய்க்கி எடுக்க ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். பரவாயில்லையா?

இல்லை தம்பி, நாளைக் காலையிலேயே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). ரெய்க்கி நோயைக் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று கிடையாது. மனம் லேசாகும், தூக்கம் வரும் என்று எங்களிடம் வருபவர்கள் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் குரு யாராக இருந்தாலும் அவர் வீட்டுப் படி ஏறாதீர்கள். அம்மா கேட்கமாட்டார் என்றால் என்னிடம் கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன்.

மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் நிலைக்கு 3,000 வெள்ளி கேட்கிறார்கள். கட்டலாமா?

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ கட்டாதீர்கள். பெரிய கட்டணம் புதிதல்ல, தக்காத்தாவே மாஸ்டர் நிலைக்கு 10,000 டாலர் வாங்கினார். அதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தோளில் கை வைக்க மாஸ்டர் பட்டம் தேவையில்லை. எங்கள் வட்டத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. தேநீர்ச் செலவுக்கு முடிந்தவர்கள் அதில் போடுவார்கள்.

வேலை ஓய்வு பெற்றவன், மனைவி இல்லை. பெண்கள்தான் வருவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

ஆண்களும் மூன்று பேர் வருகிறார்கள் ஐயா. தலை, தோள், முதுகு, இங்கே மட்டும்தான் கை வைப்போம். தொடுவது பிடிக்காதென்றால் கையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வோம். அந்த மூவரில் ஒருவர் செம்பனை லாரி ஓட்டுகிறவர். முதல் மாதம் முழுக்க நாற்காலி அடுக்கிக் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் அப்படியே வாருங்கள், நாற்காலிகள் நிறைய இருக்கின்றன.