மாதிரி விண்வெளிப் பயணத்தில் உயிர்காப்பு அமைப்புகளைக் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: இரண்டு வாரம் மூடிய கூடத்துக்குள் நடக்கவிருக்கும் மாதிரி விண்வெளிப் பயணத்துக்கு ஆறு பேரில் ஒருவராகத் தேர்வாகியிருக்கிறேன். உயிர்காப்பு அமைப்புகளைக் கண்காணிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. எந்த அளவீட்டை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? கருவி அபாய ஒலி எழுப்பும்போது கவனித்தால் போதாதா?

பதில்: போதாது. ஓர் எண் வரம்பைத் தாண்டிவிட்டது என்பதை மட்டுமே அபாய ஒலி தெரிவிக்கும். அந்த எண் எவ்வளவு நேரமாக, என்ன வேகத்தில் ஏறி வந்தது என்பதையோ, கருவி காட்டுவது மெய்தானா என்பதையோ அதிலிருந்து அறிய முடியாது. அந்த இரண்டையும் எந்நேரமும் அறிந்து வைத்திருப்பதே உங்கள் பொறுப்பு.

இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுமோ என்றுதான் அஞ்சுகிறார்கள். ஆனால் மூடிய இடத்தில் முதலில் தொல்லை தருவது கார்பன் டை ஆக்சைடு. ஒருவர் ஒரு நாளில் ஏறக்குறைய 0.84 கிலோ ஆக்சிஜனை உட்கொண்டு, 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். உங்கள் கூடத்தின் கொள்ளளவு 200 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி நின்றுபோனால், ஆறு பேரின் மூச்சினால் கார்பன் டை ஆக்சைடு மணிக்குச் சுமார் 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) வீதம் உயரும். 1,000 பிபிஎம் அளவில் இருந்த காற்று, பணியிடங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்குப் பொதுவாக ஏற்கப்படும் 5,000 பிபிஎம் வரம்பை ஆறு மணி நேரத்துக்குள் எட்டிவிடும். அதே கூடத்தில் ஆக்சிஜன் மணிக்கு 0.08 சதவீதம்தான் குறையும், 20.9 சதவீதத்திலிருந்து எச்சரிக்கை எல்லையான 19.5 சதவீதத்துக்கு இறங்கப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு 12,000 பிபிஎம்மைத் தாண்டியிருக்கும். உள்ளே செல்வதற்கு முன் உங்கள் கூடத்தின் உண்மையான கொள்ளளவை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்ற கேள்விக்கான விடை அதிலிருந்தே கிடைக்கும்: சுத்திகரிப்பு நின்றுபோன நேரத்திலிருந்து வரம்பை எட்டும் நேரம் வரை குறைந்தது மூன்று முறையாவது ஒரு மனிதக் கண் அந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள கூடத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொருத்தமானது. இரவும் அதில் அடங்கும்.

ஒவ்வொரு முறையும் நேரம், எண், எந்தக் கருவி, அப்போது குழுவினர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். நான்காவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் உடற்பயிற்சி செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு விறுவிறுவென ஏறும். அவர்கள் ஓய்ந்த பிறகும் அது இறங்காமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். குறிப்பில் உடற்பயிற்சி பதிவாகாவிட்டால் அடுத்த முறைக்காரர் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

விரைவான மாற்றத்தைவிட மெதுவான சரிவைக் கண்டுபிடிப்பது கடினம். அமெரிக்காவின் அரிசோனாவில் 1991 செப்டம்பரில் எட்டுப் பேரை உள்ளே வைத்து மூடப்பட்ட பயோஸ்பியர் 2 கூடத்தில், ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து பதினாறு மாதங்களில் 14.5 சதவீதத்துக்கு அருகே இறங்கியது. சராசரியாகப் பார்த்தால் ஒரு நாளின் சரிவு 0.013 சதவீதம்தான், 0.1 சதவீதம் வரை மட்டும் காட்டும் கருவியில் நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாகவே தெரியும். மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டிருந்தன. அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால், இழந்த ஆக்சிஜனுக்கு ஈடான கார்பன் டை ஆக்சைடு காற்றில் தென்படவே இல்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. ஆகவே அன்றாட எண்களை ஒரே வரைபடத்தில் குறித்து, வாரத்துக்கு ஒருமுறை முழுக் கோட்டையும் பாருங்கள். ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் எப்போதும் சேர்த்தே படியுங்கள். சுத்திகரிப்புக் கருவியை நிறுத்தி வைத்திருக்கும்போது ஒன்று ஏறி மற்றொன்று அதற்கேற்ப இறங்காவிட்டால், கருவி பொய் சொல்கிறது, அல்லது வெளிக்காற்று கசிகிறது, அல்லது நீங்கள் கணக்கில் கொள்ளாத ஏதோ ஒன்று வாயுவை எடுத்துக்கொள்கிறது.

கருவி பொய் சொல்வதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு; எனக்கு இதில்தான் மிகுந்த அக்கறை. கடைகளில் கிடைக்கும் அகச்சிவப்புக் கார்பன் டை ஆக்சைடு சென்சார்கள் பலவற்றில் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. சில நாள்களில் பதிவான மிகக் குறைந்த அளவை வெளிக்காற்றின் அளவு, அதாவது ஏறத்தாழ 400 பிபிஎம், என்று அது எடுத்துக்கொள்ளும். சன்னல் திறக்கும் அலுவலகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கூடத்தில் காற்று ஒருபோதும் 1,500 பிபிஎம்முக்குக் கீழே இறங்காது என்றால், அந்த 1,500-ஐயே சென்சார் 400 என்று காட்டத் தொடங்கிவிடும். அதன் பிறகு 5,000 பிபிஎம்மில் ஒலிக்க வேண்டிய மணி 6,000-ஐத் தாண்டிய பிறகே ஒலிக்கும். கதவை மூடுவதற்கு முன்பே இந்த வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத சென்சாரை நம்பி உள்ளே போகாதீர்கள். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் இரண்டு சென்சார்களை அருகருகே வைத்தால் ஒன்று வழிதவறுவது எளிதில் புலப்படும். ஆக்சிஜன் சென்சார்கள் பெரும்பாலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தையே, அதாவது காற்றின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கையே, உணர்கின்றன. எனவே கடல் மட்டத்தில் அளவு திருத்திய சென்சாரை உயரமான மலைப்பகுதிக் கூடத்துக்குக் கொண்டுபோனால் அது குறைத்துக் காட்டக்கூடும். அளவுத் திருத்தத்தைக் கூடம் இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 40,000 பிபிஎம் இருக்கும்; மேசையில் முகத்துக்கு எதிரே வைத்த சென்சார் உங்கள் மூச்சைத்தான் அளக்கும். பொதுக்கூடத்தில் ஆள் உட்காராத சுவரில் ஒன்றும், படுக்கையறைகளில் ஒவ்வொன்றும் வையுங்கள். கதவை மூடித் தூங்கும் சிற்றறையில்தான் அளவு மிகுதியாக ஏறும்.

தண்ணீருக்கு நாளுக்கு ஒரு கணக்கு போதும். தொட்டியிலிருந்து எடுத்தது, திரும்ப வந்தது, ஈரப்பதத்திலிருந்து குளிர்ந்து சேர்ந்தது ஆகிய மூன்றையும் எழுதி வந்தால் கசிவு தானே வெளிப்பட்டுவிடும்.

குழுவினரின் உடல்நிலையையும் ஓர் அளவீடாகக் கொள்ளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம்; அங்கே வீரர்களின் தலைவலிக்கும் அதன் அளவுக்கும் தொடர்பிருப்பது கவனிக்கப்பட்டிருக்கிறது. தலைவலி, தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று காலையும் மாலையும் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகே அவர்களுக்கு எண்ணைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாதிரிப் பயணத்தில் பயிற்சிக்காகக் கணினி உருவாக்கும் கற்பனை எண்களும், நீங்கள் உண்மையில் சுவாசிக்கும் காற்றின் எண்களும் இருக்கும். இரண்டையும் ஒரே திரையிலோ ஒரே நோட்டிலோ கலக்கக் கூடாது. பயிற்சியின்போது ஒருபோதும் உச்சரிக்கக் கூடாத ஒரு சொல்லை உண்மை ஆபத்துக்கென்று முன்கூட்டியே முடிவு செய்து, வெளியே இருக்கும் கட்டுப்பாட்டு அறையுடன் அதைச் சோதித்துப் பாருங்கள். சமையல் அடுப்போ ஜெனரேட்டரோ அருகில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு சென்சார் தனியாக வேண்டும். அது ஒலித்தால், பயிற்சி எந்தக் கட்டத்தில் இருந்தாலும், கதவைத் திறந்து ஆறு பேரும் வெளியேறி, தலையை எண்ணிய பிறகே காரணத்தைத் தேடுங்கள்.