சைக்கிள் பாதைக்குக் கோடு போட எந்தெந்தத் தெருவை எடுக்கணும்?

நகரத்துல புதுசா சைக்கிளுக்குன்னு பெயிண்ட்ல கோடு போட்டு பாதை ஒதுக்கணும், எந்தத் தெருவையெல்லாம் எடுக்கலாம்னு கேட்டிருக்கீங்க. மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு அகலமான ரோடா பாத்துத் தேடிக்கிட்டு இருப்பீங்கன்னு நினைக்கேன். அதை முதல்ல விடுங்க. அகலமான ரோடுன்னா வண்டி விரட்டிக்கிட்டு வரும், அப்படி வர்ற இடத்துல வெறும் பெயிண்ட் யாரையும் காப்பாத்தாது.

நான் இன்ஜினியர் இல்ல. திருநெல்வேலி பாளையங்கோட்டையில எங்கப்பா காலத்துல இருந்து சைக்கிள் கடை. அப்போ மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள், இப்போ பஞ்சர், பெண்டு எடுக்குறது, ஓவராயில் இதுதான் பொழப்பு. ரிம் கோணிப்போய் பெண்டு எடுக்க வர்ற பிள்ளைங்ககிட்ட "எங்கய்யா விழுந்த?"ன்னு கேட்டுருவேன், எங்கப்பாவும் கேப்பாரு. இத்தனை வருஷமா வர்ற பதிலைப் பாத்தா திரும்பத் திரும்ப அதே நாலஞ்சு இடம்தான். அதனால எந்தத் தெருவுல சைக்கிள் போகுது, எங்க கவுருதுன்னு என்னைக் கேட்டா சொல்லுவேன், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. சைக்கிள் கடைக்காரன் அவன் யாவாரத்துக்குப் பேசுதான்னு சொல்லுவாங்க. பாதை ஒழுங்கா இருந்தா எனக்கு பெண்டு வேலை குறையத்தான் செய்யும், அதிகமாகாது.

சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரத்துல முருகன்குறிச்சி பக்கம் நின்னு பாருங்க. பாளையை தென்னிந்தியாவோட ஆக்ஸ்போர்டுன்னு பெருமையா சொல்லுதோம், அத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வரும். லெவன்த்ல அரசு குடுக்குற இலவச சைக்கிள்தான் பாதிப் பேருகிட்ட. கேரியர்ல பை, ஹேண்டில்ல சாப்பாட்டுக் கூடை. ரோட்டோட இடது ஓரத்தை ஒட்டித்தான் அதுங்க வரும், அந்த ஓரத்துலதான் மணல் சேந்து கிடக்கும், மேன்ஹோல் மூடி ரோட்டை விட ஒரு விரக்கடை தூக்கிக்கிட்டு நிக்கும். மூடிகிட்ட வந்ததும் பிள்ளை ஹேண்டிலை வலது பக்கம் ஒடிக்கும், பின்னாடி வர்ற பஸ் டிரைவருக்கு அந்த மூடி தெரியவா போகுது? இப்போ உங்க கோட்டை நீங்க எங்க போடுவீங்க? அதே இடது ஓரத்துலதான.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி இப்படி ஒரு பேச்சு வந்து கருத்துக் கேக்கோம்னு ஒரு கூட்டம் போட்டாங்க. பிள்ளைங்க விழுந்த இடத்தையெல்லாம் ஒரு பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். அங்க இருந்த ஒரு இன்ஜினியர், "அண்ணாச்சி, நீங்க சொல்ற தெருவெல்லாம் ஒடுக்கம், கோடு போட இடம் ஏது?"ன்னாரு. "சார், அந்தத் தெருவுலதான் பிள்ளைங்க போகுது, நீங்க காட்டுற ரோட்டுல எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்?"னு கேட்டேன். பதில் வரல, பேப்பரையும் வாங்கல. இன்னொருத்தரு, "இந்த வெயில்ல யாருவே சைக்கிள் ஓட்டுவா?"ங்காரு. கொத்தனாரும் வீட்டு வேலைக்குப் போற பொம்பளையாளும் பால்காரரும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, அவரு கார் கண்ணாடி வழியா பாக்குறதால தெரியல. ஸ்பெயின்ல செவீயான்னு ஒரு ஊரு, கோடையில 40 டிகிரி தாண்டும், அங்க 2006ல இருந்து சில வருஷத்துக்குள்ள 80 கிலோமீட்டருக்கு ஒண்ணோட ஒண்ணு கோத்த மாதிரி சைக்கிள் பாதை போட்டாங்க, சனங்க கூட்டங்கூட்டமா ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க. அங்க வெறும் கோடு இல்ல, வண்டி ஏறாத மாதிரி தடுப்பு வச்ச பாதை.

எங்க அக்கா மவன் சிவில் படிச்சவன், அவன் ஒரு கணக்கு சொன்னான். நாக்டோன்னு அமெரிக்காவுல நகரப் போக்குவரத்து அதிகாரிங்க அமைப்பு ஒண்ணு இருக்கு. வண்டிங்க மணிக்கு 40 கிலோமீட்டருக்குள்ள போற, ஒரு நாளைக்கு சில ஆயிரம் வண்டிக்கு மேல வராத தெருவுக்குத்தான் வெறும் கோடு சரி, 6000 வண்டியைத் தாண்டிட்டா தடுப்பு வைக்கணும்னு அவங்க 2017ல எழுதி வச்சிருக்காங்களாம். நம்ம ஊருல பெயிண்டு எங்க செல்லும்னா பெருமாள்புரம், தியாகராஜநகர் உள்தெருக்கள் மாதிரி இடத்துல. திருவனந்தபுரம் ரோடு மாதிரி பஸ் போற ரோட்டுல பெயிண்ட் அடிச்சீங்கன்னா மறுநாளே ஆட்டோவும் தள்ளுவண்டியும் அதுமேல நிக்கும். டவுன் ரத வீதியில தீபாவளி சீசன்ல கேக்கவே வேண்டாம்.

திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைப் பாத்திருப்பீங்க, இல்லேன்னா கேள்விப்பட்டிருப்பீங்க. 1970கள்லேயே பஸ்ஸு லாரிக்கு மேல ஒரு தளம், சைக்கிளு டூவீலருக்கு கீழ ஒரு தளம்னு பிரிச்சுக் கட்டுன ஊரு இது. பெரிய வண்டியையும் சைக்கிளையும் சேத்து விடக்கூடாதுன்னு அன்னைக்கே யோசிச்சிருக்காங்க, இன்னைக்கு கோடு போட்டாப் போதும்னா எப்படி?

இதையும் சொல்லிருதேன், சம்பந்தம் இல்லேன்னாலும் பரவால்ல. போன ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு சைக்கிள்ல போனேன், மண்டப வாசல்ல செக்யூரிட்டி "சைக்கிளெல்லாம் வெளிய நிப்பாட்டும்"ங்கான். உள்ள காருக்கும் பைக்குக்கும் அவ்வளவு இடம் கிடக்கு. மொய் வாங்கும்போது மட்டும் சைக்கிள்காரன் காசு வேண்டாம்னு சொல்லுவாங்களா? மனசு ஆறல.

சரி, உங்க விஷயத்துக்கு வாரேன். நாலு பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னு எந்த வழியா வீட்டுக்குப் போவேன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டு எழுதுங்க. அந்தத் தெருக்களை அறுந்துபோகாம ஒண்ணோட ஒண்ணு சேத்து விடுங்க, மெயின் ரோட்டைக் கடக்குற இடத்துக்கு முதல்ல செலவு பண்ணுங்க. கோடு போடுறதுக்கு முன்னாடி மேன்ஹோல் மூடியை ரோட்டு மட்டத்துக்கு இறக்கச் சொல்லுங்க. பாதை முழுக்க பச்சை பெயிண்ட் பூசச் சொன்னா, வழுக்காத சரக்கான்னு கேட்டுக்கோங்க, ஐப்பசி மழையில வழவழன்னு இருக்குற பெயிண்டுல பிரேக் பிடிச்சா டயர் நிக்காது.