கல்லூரி டியூஷன் (படிப்புக் கட்டணம்) இலவசமானால் 529 சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: நியூயார்க் மாநிலம் பஃபலோவில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. எங்கள் இருவர் வருமானம் 1,18,000 டாலர். அவளுக்காக மாநில 529 திட்டத்தில் (கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) 41,000 டாலர் சேர்ந்திருக்கிறது. மாதம் 300 போடுகிறோம். அரசுப் பல்கலைக்கழகத்தில் டியூஷன் இலவசம் என்றால் இனி இது எதற்கு?

பதில்: நிறுத்த வேண்டாம். அதை இலவசமாக்க நியூயார்க்கில் 2017-இல் வந்த எக்செல்சியர் உதவித்தொகை டியூஷனுக்கு மட்டும்தான். சுனி (நியூயார்க் மாநில அரசுப் பல்கலைக்கழகம்) கல்லூரிகளில் மாநிலத்து மாணவருக்கு டியூஷன் ஆண்டுக்கு 7,070 டாலர். விடுதியும் சாப்பாடும் பல வளாகங்களில் 15,000-ஐத் தாண்டுகின்றன. நான்கு வருடத்துக்கு 60,000. இன்னும் ஆறு வருடம் இப்படியே போட்டால், வளர்ச்சியைச் சேர்க்காமல் உங்களிடம் 62,600 இருக்கும். விடுதிச் செலவுக்கே அது சரியாகப் போய்விடும்.

'இலவசம்' எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள். பெல் (மத்திய அரசு உதவி), டாப் (மாநில உதவி) இரண்டையும் கழித்த பிறகு எக்செல்சியர் அதிகபட்சம் 5,500 டாலர் தருகிறது. மீதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்ய வேண்டும். இலவச மாணவர் கூடக் கூட வளாகத்தின் கையிருப்பு கரையும். வகுப்புகளைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும். மாணவரோ வருடத்துக்கு 30 கிரெடிட் (பாட அலகு) முடித்தாக வேண்டும். தேவையான பாடத்தில் இடம் கிடைக்காமல் 27-இல் நின்றால் உதவி போய்விடும். கோடை வகுப்பில் ஈடுகட்டலாம், அந்தக் கட்டணத்துக்கு 529 பணம் கைகொடுக்கும். படித்து முடித்ததும், உதவி பெற்ற அத்தனை வருடம் நியூயார்க்கிலேயே இருந்தாக வேண்டும். வேலைக்காக வெளி மாநிலம் போனால் அது வட்டியில்லாக் கடனாக மாறும். பதினெட்டு வயதில் ஒப்புக்கொள்ள இது பெரிய நிபந்தனை என்பதே என் கருத்து.

அரசு வாக்குறுதிகள் சுருங்கவும் செய்யும். ஜார்ஜியா மாநிலம், லாட்டரிப் பணம் போதாமல், அதிலிருந்து மாணவருக்குத் தந்த ஹோப் உதவித்தொகையை 2011-இல் வெட்டியது.

மகள் வீட்டிலிருந்தே பஃபலோ பல்கலைக்குப் போய்ப் பணம் மிஞ்சினால்? 529 பணத்தைக் கல்வி அல்லாத செலவுக்கு எடுத்தால் வளர்ச்சிப் பகுதிக்கு 10 சதவீத அபராதம் உண்டு; உதவித்தொகை அளவுக்கு எடுக்கும் பணத்துக்கு அது கிடையாது. ஆனால் வளர்ச்சிப் பகுதிக்கு வருமான வரி உண்டு. மாநில வரியில் முன்பு பெற்ற கழிவையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். கணக்குக்கு 15 வயதாகியிருந்தால் அவள் பெயரில் ராத் ஐஆர்ஏவுக்கு (ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) வாழ்நாளில் 35,000 டாலர் வரை மாற்றலாம். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு; கடைசி ஐந்து வருடத்தில் போட்டதை மாற்ற முடியாது. எனவே கூடுதலாகப் போடுவதாக இருந்தால் இப்போதே போடுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வருமான வரம்பைப் பற்றித்தான். 1,25,000-ஐ ஒரு டாலர் தாண்டினாலும் எக்செல்சியர் கிடையாது. இரண்டொரு சம்பள உயர்வில் அங்கே போய்விடுவீர்கள். கல்வியாண்டுக்கு இரண்டு வருடம் முந்தைய வரிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்; அதாவது மகளின் பத்தாம் வகுப்புப் பிற்பாதியும் பதினொன்றின் முற்பாதியும் வரும் ஆண்டு. 529-இல் போடுவது மாநில வரியைத்தான் குறைக்கும், எக்செல்சியருக்குப் பார்க்கும் மத்திய வரிக் கணக்கு வருமானத்தைக் குறைக்காது. பலரும் தடுமாறுவது இங்கேதான். 401கே-யில் (வேலையிடத்து ஓய்வுகாலச் சேமிப்பு) வரிக்கு முன் போடும் பணம் அதைக் குறைக்கும். அந்த ஆண்டு ஜனவரியிலேயே இருவரும் அதைக் கூட்டிவிடுங்கள். மாதம் 300 அதன்பாட்டுக்கு நடக்கட்டும்.